பின்கதவு இல்லாத வீடு

சிதம்பரம்
8.9.2024

அன்புள்ள ரோசி அக்காவுக்கு,

மாதா பிறந்தநாள் பூசை முடிந்து வந்த கையோடு எழுதுகிறேன். நானும் ஜெனிட்டாவும் மாப்பிள்ளை ஆன்டோவும் சுகம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது, கால் வீக்கம் வற்றியதா என்று எழுது. காது மிஷினை மாட்டுகிறாயா, இல்லை அது டப்பாவிலேயே தூங்குகிறதா?

போனில் பேசலாம் என்றால் பக்கத்து வீட்டு மங்கலம் அக்கா உன் காதோரம் கத்துவதும், நீ "என்னாடி, என்னாடி" என்பதும், நம் குடும்பக் கதை மஞ்சக்குப்பம் முழுக்கத் தெரிவதும் போதும் என்றாகிவிட்டது. அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். தையல் கடையில் அளவு எழுதி எழுதிக் கையெழுத்து கோணிப்போயிருக்கும், பொறுத்துக்கொள்.

விஷயம் இதுதான். ஜெனிட்டாவுக்கு இது தலைக் கிறிஸ்துமஸ். முறைப்படி என் வீட்டில் வைத்து, மாப்பிள்ளைக்குத் துணி எடுத்து, கறி சமைத்துப் போட வேண்டும். நான் தயார். என் மகள்தான் பிடிவாதம் பிடிக்கிறாள். "அப்பா கடைசியா கிறிஸ்துமஸ் கொண்டாடுனது பெரியம்மா வீட்டுலதான். என் தலைக் கிறிஸ்துமஸும் அங்கதான்" என்கிறாள். "அந்த வீட்ட வித்து ஆறு வருசம் ஆச்சுடி" என்றேன். "வீட்டத்தான வித்தாங்க, பெரியம்மாவ விக்கலியே" என்கிறாள். வாய் அப்படியே அவள் அப்பா.

அவர் போய் இந்த டிசம்பர் முப்பதோடு பதின்மூன்று வருடம். தானே புயலில் உன் வீட்டுப் பின்பக்கத்து ஷெட்டின் மேல் தென்னை சாய்ந்த அன்றைக்குப் பிறகு நான் கடலூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. நீயும் கூப்பிட்டதில்லை. மே மாதம் கல்யாணத்துக்கு வந்தாய், பிரியாணி பரிமாறுவதற்குள் பஸ் ஏறிவிட்டாய். குறையாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

இருபத்துமூன்றாம் தேதி வந்து இருபத்தாறில் கிளம்பிவிடுவோம். மூன்றே பேர். என்ன சொல்கிறாய்?

உன் பதிலுக்காகத் தபால்காரரைப் பார்த்திருக்கும் தங்கை,
ஜோதி மேரி

●

இயேசு மரி சூசை

கடலூர்
29.9.2024

அன்புத் தங்கை ஜோதிக்கு,

கடிதம் கிடைத்தது. சர்க்கரை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கால் வீக்கம் காலையில் இருப்பதில்லை, சாயங்காலம் வந்துவிடுகிறது. உங்கள் மூன்று பேரையும் தினமும் ஜெபமாலையில் நினைக்கிறேன். பதில் போடத் தாமதமாகிவிட்டது. என்ன எழுதுவது என்று யோசித்ததிலேயே மூன்று வாரம் போய்விட்டது.

நீ இந்த வீட்டைப் பார்த்ததில்லை. அதனால் சொல்கிறேன். ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒரு குளியலறை. கூடத்தில் குறுக்கே நடந்தால் எனக்குப் பத்து எட்டு. கட்டில் இல்லை, சோபா இல்லை, ஷோகேஸ் இல்லை, டி.வி. இல்லை. சுவரில் ஒரு சிலுவை, கொடியில் மூன்று புடவை. சத்துணவுக் கூடத்தில் முப்பது வருடம் அண்டாவோடு மல்லுக்கட்டியவள் இப்போது இரண்டு பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிடுகிறேன். உன் அத்தான் இருந்திருந்தால் வீட்டில் ஜப்தி நடந்ததா என்று கேட்டிருப்பார். வாசல் ஒன்றுதான். பின்கதவு கிடையாது. வீடு பார்க்கும்போது புரோக்கரிடம் முதலில் கேட்டதே அதைத்தான். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

இப்படிப்பட்ட இடத்துக்குப் புது மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவாயா? மூன்று நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு அந்தப் பிள்ளை என்ன செய்வான்? சிதம்பரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமானால் நான் இருபத்தைந்து காலையில் வந்துவிட்டுச் சாயங்காலம் திரும்புகிறேன்.

ஜெனிட்டாவுக்கு ஒரு முத்தம் கொடு. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்.

எப்போதும் உன் நலம் வேண்டும்,
ரோசி அக்கா

●

சிதம்பரம்
6.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கால் வீக்கத்துக்கு உப்பைக் குறைத்தாலே போதும் என்று என் கடைக்கு வரும் நர்ஸம்மா சொல்கிறார். இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளைக்கு மட்டும் சளி.

உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "எங்க பெண்ணாடம் வீட்டுல படுக்குறதுக்கு முன்னாடி உரம் மூட்டைய நவுத்தணும் அத்த. காலி வீடுன்னா எனக்கு ஓட்டல் மாதிரி" என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு ஆட்சேபணை இல்லையாம். ஆக, உன் தடை உடைந்தது.

விருந்தாளி வந்தால் போதும், நீ அண்டாவை இறக்கி, அதிரசம் சுட்டு, கல்கல் பொரித்து, சோபாவுக்குப் புது உறை தைக்கச் சொல்லி என் உயிரை எடுப்பாயே. அந்த ரோசி அக்கா எங்கே போனாள் என்று நினைத்தேன். எனக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு கறிக் குழம்பு வை, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

ஜெனிட்டா ஒன்றே ஒன்று கேட்கிறாள். குடில். அந்த வருடம் உன் வீட்டுக் கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு மாட்டுத்தொழுவமும் பொம்மைகளுமாகப் போட்டாயே, கேழ்வரகு முளைக்கவைத்த புல்லும், கரித்தூள் பூசிய காகித மலையும். அவள் அப்பா மோட்டார் வைத்துச் சுற்றவிட்ட தண்ணீர் ராட்டினம் இன்னும் அவள் கண்ணிலேயே இருக்கிறது. நாலு ஊரில் கரெண்டு வேலை பார்த்த மனிதர், அந்த ராட்டினத்துக்குத்தான் ரொம்பப் பெருமைப்பட்டார். சின்னதாக ஒன்று வைத்துவிடு.

உன் ஒப்புதலுக்குக் காத்திருக்கும்,
ஜோதி

●

இயேசு மரி சூசை

கடலூர்
10.11.2024

அன்புத் தங்கைக்கு,

உப்பைக் குறைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குச் சளி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். கல்லறைத் திருநாள் அன்று உன் அத்தான் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவத்தி ஏற்றினேன். யாகப்பன் தம்பிக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். அவர் கல்லறை உன் ஊரில் இருந்தாலும் வெளிச்சம் போய்ச் சேரும் என்று சாமியார் சொன்னார்.

சரி, வாருங்கள். வீட்டு நடைமுறையை இப்போதே எழுதிவிடுகிறேன். தட்டு வாங்கவில்லை, வாழை இலைதான். டம்ளர் ஐந்து இருக்கிறது. பாய் ஐந்து, தலையணை ஐந்து, புதிதாக வெளுத்துக் காயவைத்துவிட்டேன். பாயைச் சுவரோரம் விரிக்க வேண்டியதில்லை, யாரும் எங்கே வேண்டுமானாலும் காலை நீட்டிப் படுக்கலாம். இடறி விழ ஒன்றும் கிடையாது. கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, கழற்றிவிட்டேன். மாப்பிள்ளை புதுச் செருப்பை உள்ளே வைத்துக்கொள்ளட்டும். இருபத்தைந்து மதியம் ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், வாழைக்காய் வறுவல். அவ்வளவுதான். துணி எடுத்துவிட்டேன், மாப்பிள்ளைக்குச் சட்டை நாற்பது அளவு சரியாக இருக்குமா?

குடில் மட்டும் கேட்காதே. பிள்ளையிடம் எதையாவது சொல்லிச் சமாளி.

மழை பிடித்துக்கொண்டது. ஜாக்கிரதையாக இருங்கள்.

ரோசி

●

சிதம்பரம்
18.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சம்மதித்ததில் வீடே கொண்டாட்டமாக இருக்கிறது. உன் உடம்பு தேவலையா? நாற்பது அளவு சரி. மாப்பிள்ளைக்குச் சளி போய் இப்போது எனக்கு வந்திருக்கிறது.

கணக்கில் ஒரு சந்தேகம். நாங்கள் மூன்று பேர், உன்னோடு நான்கு. ஐந்தாவது பாய் யாருக்கு? மங்கலம் அக்கா பண்டிகைக்கு மகன் வீட்டுக்குப் போய்விடுவார் என்று நீதான் முன்பு போனில் சொன்னாய்.

இன்னொன்று. நேற்று சாப்பிடும்போது மாப்பிள்ளை யதார்த்தமாகக் கேட்டார். "அவ்ளோ பெரிய வீடு இருக்கும்போது மாமா ஏன் அந்தக் காத்துல வெளிய ஷெட்டுல படுத்தாங்க?" அக்கா, பதின்மூன்று வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் நேராகக் கேட்டதில்லை. ஜெனிட்டா சோற்றில் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்தாள். அன்று துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் நீ சொன்னதையே நானும் சொன்னேன். "அவருக்குப் புழுக்கம் ஆகாது. காத்தோட்டமா இருக்கும்னு அவரேதான் போய்ப் படுத்தாரு."

சரியாகத்தானே சொன்னேன்? நீ ஒரு வரி எழுதினால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

உன் வரியை எதிர்பார்க்கும்,
ஜோதி

●

இயேசு மரி சூசை

கடலூர்
25.11.2024

ஜோதிக்கு,

சளிக்கு ஆவி பிடி.

புயல் வரும் என்கிறார்கள். இந்த வருடம் வர வேண்டாம் என்று தோன்றுகிறது. ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை சட்டையைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

ரோசி

●

சிதம்பரம்
4.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாற்றியிருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ஃபெஞ்சல் புயலன்று இங்கேயும் விடாத மழை. நாங்கள் பத்திரம். கடலூரில் ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் புகுந்ததை டி.வி.யில் பார்த்ததிலிருந்து எனக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

நேற்றுதான் மங்கலம் அக்கா போன் கிடைத்தது. நீ உயிரோடு இருக்கிறாய் என்றார். அப்புறம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒங்க அக்கா புயலன்னிக்குப் பகலெல்லாம் கதவத் தெறந்து வெச்சிகிட்டு நெலப்படியிலயே உக்காந்துட்டு இருந்திச்சி. சாரல் உள்ள அடிக்குது, சாத்துங்கன்னா கேக்கல. கதவு தட்டுறாங்க, வர்றாங்கன்னு சொல்லுது. காதுதான் கேக்காதே அதுக்கு, எப்படித் தட்டுனது கேட்டுச்சுன்னு எனக்கே பயமாப் போச்சு" என்றார்.

யார் வருகிறார்கள் அக்கா?

நீ வர வேண்டாம் என்று எழுதிய கடிதத்தை ஜெனிட்டாவிடம் காட்டவில்லை. நான் கேட்ட ஒரு வரியை நீ எழுதவில்லை என்பதையும் சொல்லவில்லை. உனக்கு என் மேல் கோபமா? பண்டிகைக்கு வருவதும் வராததும் அப்புறம். முதலில் எனக்குப் பதில் எழுது.

பயத்தோடு,
ஜோதி

●

கடலூர்
9.12.2024

ஜோதி,

தண்ணீர் என் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டது. எனக்கு ஒன்றும் இல்லை.

யாகப்பன் தம்பி காற்றோட்டத்துக்காக ஷெட்டுக்குப் போகவில்லை. நான்தான் போகச் சொன்னேன். கூடத்தில் பாதி குடில், மீதியில் சோபாவும் ஷோகேஸும். அவர் குடிலை ஒட்டிக் கிடைத்த இடத்தில் நாலைந்து ராத்திரி முடங்கிப் படுத்தார். இருபத்தெட்டாம் தேதி தூக்கத்தில் கால் பட்டு ஓர் ஒட்டகம் உடைந்தது, புல் நசுங்கிப்போனது. பங்குக் கோயிலில் குடில் போட்டி. முப்பதாம் தேதி காலையில் பார்வையிட வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "தம்பி, இன்னிக்கு ஒரு நாளு ஷெட்டுல படுத்துக்குங்க, நாளைக்கு அவுங்க பாத்துட்டுப் போயிடட்டும்" என்றேன். "அதுக்கென்னக்கா" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். புயல் வேறு பக்கம் போகும் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம்.

காற்று ஏறிய பிறகு பின்கதவைத் தட்டினார். காற்று என்று நினைத்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர்தான் என்று எனக்குத் தெரியும். மூன்று தட்டு, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. நனைந்த காலோடு உள்ளே வந்தால் குடில் பாழாகும் என்றுதான் முதலில் நினைத்தேன். "காத்து அடங்கிடும் தம்பி, பேசாமப் படுங்க" என்றேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். எடுக்கவில்லை. விடிகிற நேரத்தில் மரம் விழுந்தது. குடில் பார்க்க யாரும் வரவும் இல்லை.

காது வயதினால் போனது என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். மங்கலம் கூப்பிட்டால் கேட்காது, கோயில் மணி கேட்காது. அந்தத் தட்டல் மட்டும் கேட்கிறது. மிஷின் மாட்டினாலும் கேட்கிறது, கழற்றினாலும் கேட்கிறது. பின்கதவே இல்லாத வீட்டுக்கு வந்தேன். இங்கேயும் பின்பக்கத்திலிருந்துதான் கேட்கிறது. பின்பக்கம் வெறும் சுவர், ஜோதி.

எல்லாப் பொருளையும் கொடுத்துவிட்டேன். ஒரு மனிதன் காலை நீட்டிப் படுக்க எப்போதும் இடம் இருக்க வேண்டும் என்றுதான். ஐந்தாவது பாய் யாருக்கு என்று கேட்டாயே, அவருக்குத்தான். தினமும் விரிக்கிறேன்.

இதை உன் முகத்துக்கு நேரே சொல்லத் துப்பில்லாமல் பதின்மூன்று வருடம் கடத்திவிட்டேன். பிள்ளை தகப்பன் இல்லாமல் வளர்ந்தது நான் செய்த காரியம். நீ வர வேண்டாம். வந்தால் நான் எப்படிச் சோறு போடுவேன்?

ரோசி

●

சிதம்பரம்
17.12.2024

அக்காவுக்கு,

உன் கடிதத்தைத் தைக்கக் கொடுத்த துணிகளுக்கு அடியில் ஒளித்துவைத்து ஐந்து நாள் வாசித்தேன். நான் நலமாக இல்லை. நீயும் நலமாக இருக்க மாட்டாய்.

நீ புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. நான் அன்றைக்கு முழித்துக்கொண்டுதான் இருந்தேன். சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் ஜெனிட்டாவை அணைத்துக்கொண்டு படுத்திருந்தேன். தட்டியது கேட்டது. அவர்தான் என்று எனக்குத் தெரியாதா? என் புருஷன் தட்டுவது எனக்குத் தெரியாதா? நீ "பேசாமப் படுங்க" என்றதும் கேட்டது. எழுந்து நாலு எட்டு வைத்தால் கதவு. நான் எழுந்திருக்கவில்லை.

ஏன் என்று கேள். விருந்தாளியாக வந்த இடத்தில் உன்னை மீறி உன் கதவை நான் திறந்தால் உன் முகம் சுண்டிப்போகும் என்றுதான். ஒட்டகம் உடைந்ததற்குச் சிரித்துக்கொண்டே இரண்டு சொல் சொல்லியிருந்தாய், அது எனக்குள் குத்திக்கொண்டே இருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். மறுநாள் நீ எல்லோரிடமும் காற்றோட்டம் என்று சொன்னபோது, அழுதுகொண்டிருந்த எனக்கு உள்ளே அப்பாடா என்று இருந்தது. அந்தப் பொய் என்னையும் சேர்த்துக் காப்பாற்றியது. நீ தனியாகச் சுமக்கட்டும் என்று நானும் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. என்னை மன்னிப்பாயா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நீ பேசியது கேட்டது, அவர் பேசியது கேட்கவில்லை. கூரை ஷீட்டுச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. ஏதோ சொன்னார். ஏனென்றால் நீ கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "சரி, சரி" என்றாய். அதன் பிறகு எதையோ தரையில் தரதரவென்று இழுத்தாய். கதவுக்கு முட்டுக் கொடுத்தாய் என்று அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் என்ன சொன்னார் என்று உன் கடிதத்தில் இல்லை. கெஞ்சினாரா? என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாரா? எழுத வேண்டாம், நேரில் சொல்.

ஜெனிட்டாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்துவிட்டு அவளை உன் வீட்டில் சாப்பிட வைக்க எனக்கு மனம் வரவில்லை.  மறுநாள் அவளே வந்து, "பஸ்ஸுக்கு முன்னாடியே டிக்கெட்டா எடுக்கணும்? போலாம்மா" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்துமூன்று காலையில் கிளம்புகிறோம்.

ஜோதி

●

சிதம்பரம்
30.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். கட்டிக்கொடுத்த எலுமிச்சை ஊறுகாய் பஸ்ஸில் கொட்டவில்லை. காலையில் அவருக்குப் பூசை வைத்து, கல்லறைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை உன் வீட்டைப் புகழ்ந்தபடியே இருக்கிறார். "படுத்தா ஒண்ணும் இடிக்கல, முழிச்சா ஒண்ணும் உறுத்தல" என்கிறார். பாவம், முதல் நாள் ஜெனிட்டா உன்னிடம் ஒரு வார்த்தை பேசாததைப் பார்த்து, நம் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து கிரிக்கெட் கதையெல்லாம் சொல்லிக் கஷ்டப்பட்டார். உனக்குக் காது கேட்காது என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

இருபத்தைந்தாம் தேதி மதியம் நீ ஐந்து இலை போட்டாய். நான்கு இலைக்குப் பரிமாறிவிட்டுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றாய். ஜெனிட்டா எழுந்து வந்து கரண்டியை வாங்கி, ஐந்தாவது இலையில் சோறு வைத்து, குழம்பு ஊற்றி, அதன் எதிரிலேயே உட்கார்ந்து முழுக்கச் சாப்பிட்டாள். பிறகு தன் இலைக்கு வந்து அதையும் சாப்பிட்டாள். "கறி இன்னும் இருக்கா பெரியம்மா?" என்று உன் காதருகே சத்தமாகக் கேட்டாளே, நான் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். மன்னித்துவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. இங்கே வந்ததிலிருந்து ராத்திரியில் விளக்கை அணைக்க விடுவதில்லை.

ஆனால் நீ சொல்லவில்லை அக்கா. மூன்று நாளில் நாம் தனியாக இருந்தது நாலைந்து முறை. பாத்திரம் துலக்கும்போது கேட்டேன், நீ காது கேட்காதது போலத் திரும்பிக்கொண்டாய். அது கேட்காத திரும்பல் இல்லை என்று எனக்குத் தெரியும்.

எனக்கு வயது ஐம்பத்திநாலு. அவர் அந்தக் கதவுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டதாகவே தினமும் நினைத்து எழுந்திருக்கிறேன். எவ்வளவு மோசமாக இருந்தாலும் அவர் சொன்ன வார்த்தை எனக்கு வேண்டும். அது என் புருஷன் பேசிய கடைசி வார்த்தை. அதை நீ வைத்துக்கொண்டிருக்கிறாய்.

உன் தங்கை,
ஜோதி

●

கடலூர்
19.1.2025

அன்புத் தங்கை ஜோதிக்கு,

உன் உடம்பும் பிள்ளைகள் உடம்பும் தேவலையாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

நீங்கள் இருந்த மூன்று நாளும் தட்டல் கேட்கவில்லை. நீங்கள் பஸ் ஏறிய அன்றைக்கே வந்துவிட்டது.

அவர் கெஞ்சவில்லை. உன்னைக் கூப்பிடவும் இல்லை. உள்ளே வரக்கூடக் கேட்கவில்லை. நான் பேசாமல் படுக்கச் சொன்னதும் அவர் சொன்னது இதுதான். ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். "நான் உள்ள வரலக்கா. தண்ணி கதவுக்கடியில ஏறுது, குடிலு நனைஞ்சிடும். நீங்க உள்பக்கம் சாக்கு போட்டு அடைங்க. நான் இந்தப் பக்கம் மண்ணு அணைக்கிறேன். ஜோதி தூங்குது, எழுப்பாதீங்க."

உன் பெயரை அப்படித்தான் சொன்னார்.

நான் சரி, சரி என்றேன். நீ கேட்ட சத்தம் முட்டுக் கொடுத்த சத்தம் இல்லை. அடுப்படியிலிருந்து அரிசிச் சாக்குகளை இழுத்து வந்து போட்டேன். அவரை உள்ளே வரச் சொல்லத் தோன்றவில்லை. கெட்டிக்காரத் தம்பி, சொல்லாமலே செய்கிறார் என்றுதான் தோன்றியது. அதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. கெஞ்சியவரை உள்ளே விடவில்லை என்றால் நான் கல்நெஞ்சக்காரி, அவ்வளவுதான். எனக்கு உதவி செய்தவரையல்லவா வெளியே விட்டுவிட்டுச் சந்தோஷமாகப் போய்ப் படுத்தேன்.

அவர் ஷெட்டுக்குள் பாயில் கிடக்கவில்லை, ஜோதி. ஷெட்டு வாசலில், கதவைப் பார்த்த மாதிரி கிடந்தார். முதலில் பார்த்தது நான். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மண். நீ ஓடி வருவதற்குள் முந்தானையை நனைத்து அந்தக் கையைத் துடைத்துவிட்டேன். யாரும் கேட்டுவிடக் கூடாது என்று துடைத்தேன்.

ஜெனிட்டாவிடம் இதையும் சொல்லு. அவள் இனி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

அன்று விடிகாலை வீட்டுக்குள் திரும்பி வந்து விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். குடிலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

உன் அக்கா,
ரோசி